திருவையாற்றின் மூன்றாவது அணி

அசோகர் சென்னைக்கு வந்ததில்லை. அவருடைய கல்வெட்டுகள் ஆந்திரம், கர்நாடகம் வரை இறங்கி வந்து, சித்ரதுர்கா பக்கத்துப் பிரம்மகிரியோடு களைத்து நின்றுவிட்டன. சோழர், பாண்டியர் என்று தெற்கே சிலர் இருக்கிறார்கள் என எழுதி வைத்ததோடு சரி, நேரில் வந்து விசாரிக்கவில்லை. இருந்தும் எங்கள் பேட்டையான அசோக் நகருக்கு அவர் பெயர்தான். நடுவில் சிங்கம் வைத்த ஒரு தூண். ஷேர் ஆட்டோக்காரர்கள் காலையிலிருந்து ராத்திரி வரை "பில்லர், பில்லர்" என்று பேரரசரைக் கூவிக் கூவி ஏலம் விடுகிறார்கள். தெருக்களுக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் பெரிய மனிதர்கள் தீர்ந்துபோய்விட்டார்களோ என்னவோ, 4வது அவென்யூ, 7வது அவென்யூ, 11வது அவென்யூ என்று எண் போட்டு முடித்துவிட்டார்கள்.

அசோகர் நடக்காமல் விட்ட மிச்சத் தூரத்தைக் கர்நாடகத்திலிருந்து கிளம்பி வந்து முடித்துக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. பெங்களூர் நாகரத்தினம்மாள். பாட்டுக்காரர், பதிப்பாசிரியர், கோயில் கட்டியவர், சங்கத் தலைவி. அசோகர் ஒரே ஒரு போர் நடத்திவிட்டு மனம் திருந்தினார். நாகரத்தினம்மாள் கடைசி வரை போரை விடவில்லை. திருந்த வேண்டியிருந்தது எதிரே நின்றவர்கள்தான்.

1878 நவம்பர் 3 அன்று மைசூருக்குப் பக்கத்து நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தந்தை சுப்பாராவ் வக்கீல். குழந்தை வளர்வதற்குள் தாய், மகள் இருவரையும் தள்ளுபடி செய்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார், மேல்முறையீட்டுக்கு வழியில்லை. புட்டலட்சுமி அழுது உட்காரவில்லை. மைசூர் அரண்மனை வட்டாரத்துப் பண்டிதர் கிரிபட்ட திம்மய்யாவிடம் மகளைச் சம்ஸ்கிருதம் படிக்க விட்டார். பெண்ணோ, பண்டிதரே மிரளும் வேகத்தில் படித்தாள். கெட்டிக்கார மாணவி சில ஆசிரியர்களுக்குப் பெருமை, சில ஆசிரியர்களுக்கு வயிற்றெரிச்சல். திம்மய்யா இரண்டாவது ரகம். மனஸ்தாபம் முற்றி, இந்தப் பெண் மைசூர்த் தெருவில் சாணி பொறுக்கத்தான் லாயக்கு என்று அவர் சபித்ததாகக் கதை. மகள் பெரிய வித்வாம்சினி ஆகாமல் மைசூர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று தாய் சபதம் போட்டுவிட்டு ஊரைக் காலி செய்தார்.

பெங்களூரில் முனுசுவாமப்பா என்பவரிடம் சங்கீதம். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். முனுசுவாமப்பாவின் குரு வாலாஜாப்பேட்டை கிருஷ்ணசாமி பாகவதர். அவருடைய தந்தை வெங்கடரமண பாகவதர், தியாகராஜரின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்டவர். ஆக, தியாகராஜரிடமிருந்து நேர்கோட்டில் இறங்கிய சொத்து நாகரத்தினத்தின் தொண்டையில் இருந்தது. பதின்ம வயதிலேயே தாயை இழந்தாலும் பாட்டும் ஆட்டமும் கைவிடவில்லை. எந்த மைசூரில் சாணி பொறுக்க வேண்டும் என்று சாபம் விழுந்ததோ அந்த மைசூரின் அரண்மனையிலேயே பாடினார். சாணி பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் வந்து ஜார்ஜ் டவுனில் குடியேறினார். அப்போது சங்கீதம் முழுக்க அங்கேதான். வீணை தனம்மாள் வீடு அங்கே, நாடகக் கொட்டகைகள் அங்கே, கச்சேரி வைக்கும் செட்டியார், முதலியார் வீடுகளும் அங்கே. மயிலாப்பூர் வக்கீல்களின் ஊர். மாம்பலத்தில் பெரிய ஏரி இருந்தது. தி.நகர் பிறக்கவே இல்லை. அசோக் நகரை யாரும் கனவிலும் காணவில்லை. 1905 முதல் 1934 வரை பல ஊர்களில் 1,235 கச்சேரிகள் பாடினார் என்று கணக்கு இருக்கிறது. இந்தக் காலத்தில் டிசம்பர் மாதம் ஒரே நாளில் மூன்று சபாவில் பாடுகிறவர்கள் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டாம். அது ரயிலிலும் மாட்டு வண்டியிலும் மைக் இல்லாமலும் பாடிய கணக்கு. சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவர்தான் என்றும் சொல்வார்கள். சமூக சீர்திருத்தம் என்றால் எனக்கு இதைவிடப் பெரியது தோன்றவில்லை. கலைத்துறையில் இந்த மரபைத் தொடர்ந்திருந்தால் நாட்டின் கடன் என்றைக்கோ அடைந்திருக்கும்.

முதல் யுத்தம்: புத்தகம்

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் முத்துப்பழனி என்றொரு கவிஞர் இருந்தார். தேவதாசி. தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்று 584 பாடல்களில் ஒரு காவியம் எழுதினார். ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு பொறாமையில் வெந்து, கடைசியில் கண்ணன் வந்து சமாதானப்படுத்துகிற கதை. சமாதானம் எப்படிச் செய்தான் என்பதில் முத்துப்பழனி கஞ்சத்தனம் காட்டவில்லை. பெண்ணுக்கும் ஆசை உண்டு, அதை அவளே சொல்லலாம் என்று விஸ்தாரமாக எழுதிவிட்டார்.

நாகரத்தினம்மாளிடம் இந்தப் புத்தகத்தின் பழைய அச்சுப்பிரதி ஒன்று வந்து சேர்ந்தது. 1887இல் வெளியான பதிப்பு. அதில் பாடல்களை வெட்டியிருந்தார்கள். பாட்டி, அத்தை என்று பெண்கள் வழியாகவே தன் வம்சத்தை முத்துப்பழனி சொல்லிக்கொண்ட முகப்பையும் காணோம். நாகரத்தினம்மாள் ஏட்டுப்பிரதியைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, விடுபட்டதையெல்லாம் சேர்த்து, 1910இல் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் மூலம் வெளியிட்டார்.

இங்கே கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு மேடைக்கு வருகிறார். சாதாரண ஆள் இல்லை. 1881இலேயே ராஜமுந்திரியில் விதவைத் திருமணம் நடத்திவைத்த மகா துணிச்சல்காரர். தேவதாசி முறையை எதிர்த்து எழுதியும் பேசியும் தீர்த்தவர். ஆந்திரக் கவிகளின் சரித்திரம் எழுதியபோது முத்துப்பழனி மேல் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாசி எழுதிய புத்தகம். பெண்கள் வாயால் சொல்வது இருக்கட்டும், காதாலும் கேட்கக் கூடாதவை இதில் இருக்கின்றன என்கிற தோரணையில் தீர்ப்பெழுதினார்.

நாகரத்தினம்மாள் தன் முன்னுரையில் இதற்குப் பதில் வைத்தார். அவர் கேட்டதன் சாரம் இது: வெட்கம், மானம் என்பதெல்லாம் பெண்ணுக்கு மட்டும் ஒதுக்கீடா? ஆண் கவிஞர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியபோது பந்துலு எங்கே போயிருந்தார்? அத்தோடு விட்டிருந்தால் பொதுவான சண்டையாகப் போயிருக்கும். அம்மாள் ஆதாரத்தையும் எடுத்து வீசினார். 'வைஜயந்தி விலாசம்' என்று ஒரு தெலுங்குக் காவியம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த விப்ரநாராயணரை, அதாவது நம் தொண்டரடிப்பொடி ஆழ்வாரை, தேவதேவி என்ற தாசி மயக்கிய கதை. மயக்கம் விவரமாகவே இருக்கும். அது பாடப்புத்தகமாவதற்குப் பச்சைக்கொடி காட்டியவர் வீரேசலிங்கம் பந்துலுவேதான். ஆழ்வார் மயங்கினால் பாடத்திட்டம். ராதை ஆசைப்பட்டால் ஆபாசம். இந்தக் கேள்விக்கு மதிப்பெண் யார் போடுவது?

பந்துலு தரப்புக்குப் பதில் கிடைத்ததோ இல்லையோ, போலீஸ் கிடைத்தது. 1911இல் போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் வாவிள்ள கடையிலிருந்த பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார். வெள்ளைக்கார துரைக்குத் தெலுங்கு தெரியாது, ராதையையும் தெரியாது. ஆகவே ஆபாசத்தைக் கண்டுபிடிக்க அரசு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. அந்த உத்தியோகஸ்தரை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும். எந்தப் பாட்டு மோசம் என்று சொல்ல வேண்டுமானால் 584 பாட்டையும் ஒன்று விடாமல் படித்தாக வேண்டும். சந்தேகம் இருந்தால் திரும்பப் படிக்க வேண்டும். அதுவும் அரசுச் சம்பளத்தில், பென்ஷனோடு. மதராஸ் ராஜதானியில் அந்த நூலை அவ்வளவு கவனமாக வாசித்த ரசிகர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். கடைசியில் நூல் தடை செய்யப்பட்டது. பண்டிதர்கள் மனு போட்டார்கள், பதிப்பகம் மனு போட்டது, சர்க்கார் அசையவில்லை.

இரண்டாவது யுத்தம்: சமாதி

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று திருவையாற்றில் மறைந்தார். காவிரிக் கரையில் சமாதி. வருடங்கள் போகப் போக அவருடைய பாட்டைப் பாடிப் பிழைத்தவர்கள் பெருகினார்கள், சமாதியைச் சுற்றிப் புதரும் பெருகியது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் போய்ச் சுத்தம் செய்து புதுப்பித்தார்கள். பிறகு தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினார்கள். ஐந்து பஞ்சரத்தினக் கிருதிகளைக் கொடுத்துவிட்டுப் போன மகானுக்கு இரண்டு சகோதரர்கள் சேர்ந்து விழா எடுத்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் வழக்கமாக என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாக உடைந்தது. ஒரு கட்சி உற்சவத்தை ஆராதனை நாளில் முடிக்கும், இன்னொரு கட்சி அன்றைக்கு ஆரம்பிக்கும். திராவிட இயக்கத்துக்கெல்லாம் முன்னால் கட்சி பிளப்பதில் பாகவதர்கள் முன்னோடிகள்.

எல்லாவற்றிலும் முட்டிக்கொண்ட இரண்டு கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: பெண்கள் பாடக் கூடாது.

1921இல் நாகரத்தினம்மாளுக்கு அவருடைய இன்னொரு குருவான மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. சமாதி மறுபடி பாழடைந்து கிடக்கிறது, ஏதாவது செய் என்று. தியாகராஜர் கனவில் வந்தார் என்றும் சொல்வார்கள். சரபோஜி மன்னர் அனுப்பிய பணத்தையே வேண்டாம் என்ற மனிதர், ஒரு தேவதாசியின் கனவில் வந்து கட்டட வேலை ஒப்படைத்தார் என்றால் அவருக்கு ஆள் தேர்வு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பாகவதர்கள் இரண்டு கட்சியாக நின்று முதல் மரியாதை யாருக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, அம்மாள் நிலத்தை வாங்கினார், நகைகளை விற்றார், கச்சேரிப் பணத்தைக் கொட்டினார், கோயிலைக் கட்டினார். 1926 ஜனவரி 7 அன்று கும்பாபிஷேகம்.

கும்பாபிஷேகம் முடிந்ததும் அம்மாள் பாட வேண்டும் என்றார். முடியாது என்றன இரண்டு கட்சிகளும். காசு உங்களுடையது, கோயில் உங்களுடையது, ஆனால் பாட்டு எங்களுடையது. வீட்டுக்காரியை வாசலில் நிறுத்திவிட்டுக் குடித்தனக்காரர்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட நியாயம் இது. வாடகையும் தராத குடித்தனக்காரர்கள். தேவதாசி பாடினால் சந்நிதியின் புனிதம் கெடும் என்றார்கள். அந்தச் சந்நிதியின் ஒவ்வொரு செங்கல்லும் தேவதாசியின் ஒட்டியாணத்திலிருந்து வந்தது என்பதைச் செங்கல் வெளியே சொல்லவில்லை.

முனுசுவாமப்பாவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? உள்ளே உட்கார்ந்து தியாகராஜ பரம்பரை என்று மார்தட்டியவர்களுக்கு எந்த விதத்திலும் குறையாத பரம்பரைதான் வெளியே நின்றது.

நாகரத்தினம்மாள் கோர்ட், மறியல் என்று கிளம்பவில்லை. 1927 முதல் சமாதிக்குப் பின்புறத்தில் தனியாக உற்சவம் தொடங்கினார். பாடுகிறவர்கள் பெண்கள், ஹரிகதை சொல்கிறவர்கள் பெண்கள். 'பெண்கள் கட்சி' என்று பெயர் விழுந்தது. முன்பக்கம் பெரிய கட்சி, சின்ன கட்சி. பின்பக்கம் மூன்றாவது அணி. தமிழ்நாட்டில் மூன்றாவது அணி ஒன்று கடைசி வரை டெபாசிட்டைக் காப்பாற்றி ஜெயித்தது எனக்குத் தெரிந்து இந்த ஒரு தடவைதான்.

ஜெயிக்க 14 வருஷம் பிடித்தது. பாகவதர்கள் சண்டை போட்டு அலுத்து, ஊர் சிரித்து அலுத்து, எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி போன்றவர்கள் நடுவில் புகுந்து சமரசம் பேசி, மூன்று கட்சியும் ஒன்றாயின. 1941இல் முதல் கூட்டு ஆராதனை. பெண்கள் முன்பக்கம் வந்து பாடினார்கள். எந்த அசம்பாவிதமும் நிகழவில்லை. காவிரி வழக்கம்போல ஓடியது. புனிதம் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

மூன்றாவது யுத்தம்: சட்டசபை

இது கொஞ்சம் சங்கடமான யுத்தம். இங்கே வில்லன் கிடையாது.

1927இல் மதராஸ் சட்ட மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசியாகப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயும் அந்த மரபில் வந்தவர். சின்னஞ்சிறு பெண்களைக் கடவுள் பெயரில் கட்டிவைத்து மனிதர்கள் பெயரில் கணக்கு எழுதுவதை அவர் கண்ணால் பார்த்தவர். அவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது. பிறகு 1930இல் ஔவை இல்லம் தொடங்கியதும், அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பியதும் அதே கைதான்.

நாகரத்தினம்மாள் மறுபக்கம் நின்றார். மதராஸ் மாகாண தேவதாசிகள் சங்கம் மனு கொடுத்தது. அதன் முன்னணியில் அவர் இருந்தார். எங்களைப் பற்றிச் சட்டம் போடுகிறீர்கள், எங்களைக் கேட்டீர்களா? சிலர் தவறான வழிக்குப் போனால் எல்லோரையும் ஒரே முத்திரை குத்துவீர்களா? படிப்பைக் கொடுங்கள், பழைய கலையையும் வித்தையையும் எங்களிடமே விட்டுவையுங்கள் என்பது அவர்கள் கட்சி. சட்டம் 1947இல் நிறைவேறியது. குழந்தைகளுக்கு அது விடுதலை, சந்தேகமில்லை.

ஆனால் இடைப்பட்ட இருபது வருஷத்தில் தென்சென்னையில் ஒரு வேடிக்கை நடந்தது. தேவதாசிகளின் ஆட்டமான சதிர் கேவலம், ஒழிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் கூட்டம். 1932 டிசம்பரில் முத்துலட்சுமி ரெட்டியும், சதிரைக் காக்க நின்ற ஈ. கிருஷ்ண ஐயரும் இதைப் பற்றிப் பத்திரிகையில் கடிதச் சண்டை போட்டார்கள். மூன்றே வருஷத்தில், 1935 டிசம்பரில், அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி மேடை ஏறி ஆடினார். ஆடினால் அவமானம் என்று ஒரு சமூகத்திடம் பிடுங்கியது, ஆற்றைத் தாண்டி அடையாறு போய்ச் சேர்ந்ததும் பரதநாட்டியம் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டது. தப்பு ஆட்டத்தில் இருந்ததா, ஆடியவரின் விலாசத்தில் இருந்ததா? ஜார்ஜ் டவுன் என்றால் ஒழுக்கக்கேடு, அடையாறு என்றால் பண்பாடு. முத்துப்பழனி விஷயத்தில் அம்மாள் கேட்ட அதே கேள்விதான்: அளவுகோல் ஆளுக்கொன்றா?

அவர் வாழ்க்கையைத் தள்ளி நின்று பார்த்தால் இந்தக் கேள்வியைத்தான் எல்லா வாசலிலும் கேட்டிருக்கிறார். கேட்ட விதம்தான் விசேஷம். எதிராளிகள் தர்மம், சாஸ்திரம், நாகரிகம் என்று பெரிய பெரிய வார்த்தைகளில் பேசினார்கள். அவர் முன்னுரை எழுதினார், மனு எழுதினார், கிரயம் எழுதினார், கடைசியில் உயில் எழுதினார். உணர்ச்சிவசப்பட்டு மேசையைக் குத்துகிறவர்கள் மறுநாள் மறந்துபோவார்கள். எழுத்தில் இருப்பது நிற்கும் என்பதை வக்கீல் அப்பா கொடுக்காமல் போன சீதனமாக அவரே சம்பாதித்துக்கொண்டார்.

1949இல் எழுதிய உயிலில் சொத்தை வித்யாசுந்தரி பெங்களூர் நாகரத்தினம்மாள் டிரஸ்ட் என்று எழுதி வைத்தார். கூடவே ஒரு நிபந்தனை: பெண்களுக்கு அங்கே வழிபடவும் ஆராதனையில் பங்கெடுக்கவும் உரிமை இருக்க வேண்டும். சமரசம் நடந்து எட்டு வருஷம் ஆகியும் அம்மாள் பாகவதர்களின் வாக்கை நம்பவில்லை. முத்திரைத்தாளை நம்பினார்.

கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே இருந்துவிட்டார். 1952 மே 19 அன்று காலமானார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம். அதில் அவர் சிலையாக உட்கார்ந்து தியாகராஜரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்புறம் போ என்று இனி அவரிடம் யாரும் சொல்ல முடியாது.

'ராதிகா சாந்த்வனம்'? வெள்ளைக்காரன் கிளம்பும் நேரத்தில், முதலமைச்சராக இருந்த பிரகாசம் தடையை நீக்கினார். வாவிள்ள மறுபதிப்பும் 1952இல்தான் வந்தது. ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷத் தடையில் அந்தப் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ராதைக்கு ஆசை குறையவில்லை, கண்ணனுக்கு அசடு வழிவதும் குறையவில்லை. பந்துலுவுக்கு ராஜமுந்திரியில் மரியாதை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். கன்னிங்ஹாமை மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

ஒவ்வொரு வருஷமும் தூர்தர்ஷனில் திருவையாற்றுப் பஞ்சரத்தினம் நேரலையில் வரும். ஜரிகை வேட்டிகள் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டும். பெண்களும் பாடுவார்கள், அது ஆதியிலிருந்தே அப்படித்தான் என்கிற பாவனையில் எல்லோரும் இருப்பார்கள். பாட்டு எங்கள் பரம்பரைச் சொத்து என்று அங்கே இனிமேல் யாராவது ஆரம்பித்தால், நிலம் யார் வாங்கியது என்று பதிலுக்குக் கேளுங்கள். சுருதி தானாகவே சேரும்.